பெட்ரோல் டேங்கின் ஜீர்ணோத்தாரணம்

வண்டலூரில் கிளைத்து, படப்பையையும் ஒரகடத்தையும் கடந்து மேற்கே ஓடி, பாலாற்றங்கரையிலுள்ள வாலாஜாபாத்தை வந்தடையும் மாநில நெடுஞ்சாலை இன்று தமிழ்நாட்டு மோட்டார்த் தொழிலின் ராஜபாட்டையாக விளங்குகிறது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி, ஒரு காலத்தில் கும்பெனிப் படைகள் தங்கிய பாளையமாக இருந்து, பின்னர் செங்கற்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையில் ஒரு சிறு நிலையமாகவும், சுற்றுவட்டக் கிராமங்களுக்குக் கடைத்தெருவாகவும் அமைந்த இவ்வூரிலிருந்து, பொழுது விடியுமுன் புறப்படும் கம்பெனி பஸ்கள் ஒரகடத்துத் தொழிற்சாலைகளை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. 2010-இல் ரெனோ–நிஸ்ஸான் கூட்டணியின் கார்களும், 2012-இல் டெய்ம்லர் லாரிகளும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் அங்கே உருவாகத் தொடங்கின. அத்தொழிற்சாலைகளில் பிறக்கும் கார்களின் வயிற்றிலே இரும்பு டேங்கைக் காண்பது அரிது. இக்காலத்துக் கார்களுக்குப் பெரும்பாலும் பல அடுக்குப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊதி வார்த்த டேங்குகளே பொருத்தப்படுகின்றன. பிளாஸ்டிக் துருப்பிடிப்பதில்லை. ஆகையால் இன்றைய கார்க்காரர் ஒருவர் தமது வண்டியின் பெட்ரோல் டேங்கைப் பற்றி ஆயுளில் ஒரு முறையேனும் சிந்திக்கவேண்டிய அவசியம் நேராமலே போகலாம்.

ஆனால் இதே சாலையின் கீழ்க்கோடியில், வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில், இப்போது கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் எழும்பியிருக்கும் நிலத்தில், ஒரு தலைமுறைக்கு முன்னர் வேறொரு மோட்டார்த் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டுறவோடு 1948-இல் சென்னையில் ஸ்தாபிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம், முதலில் வான்கார்டு என்ற காரையும், பின்னர் ஸ்டாண்டர்டு டென் என்ற சிறிய காரையும், 1961 முதல் ஹெரால்டு என்ற காரையும் அங்கே உற்பத்தி செய்தது. மைக்கெலோட்டி என்னும் இத்தாலியச் சிற்பி வடிவமைத்த ஹெரால்டு, முன்பக்கத்து மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே உறுப்பாக முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும் விசேஷமான அமைப்புடையது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு மட்டுமே விற்ற அந்தக் காருக்கு நான்கு கதவுகள் வைத்த பெருமை நம் பெருங்களத்தூர்த் தொழிலாளிகளுக்கு உரியது. 1972-இல் கெஸல் என்ற கார் அதன் ஸ்தானத்தை ஏற்றது. பிறகு 1985-இல் வெளியான ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் எதிர்பார்த்தபடி விற்பனையாகாமற்போகவே, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொழிற்சாலையின் சக்கரங்கள் நின்றுவிட்டன. உற்பத்தி நின்றபின் உதிரி உறுப்புகளும் காலக்கிரமத்தில் அருகிப்போயின. எனினும் ஹெரால்டுகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வட தமிழ்நாட்டு ஊர்களின் கார் கொட்டகைகளிலும், மாமரத்தடிகளிலும், தகப்பனார் வாங்கிய வண்டி என்ற அபிமானத்தினால் விற்க மனமில்லாதவர்களின் வீட்டுப் புறக்கடைகளிலும் அவை இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. அப்படி நின்றுபோன ஒரு காரை மறுபடியும் ஓடச்செய்ய விரும்புகிறவர்கள் எந்த இடத்தில் தொடங்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

சாதாரணமாக எல்லோரும் வெளியழகில் தொடங்குகிறார்கள். டிங்கரிங் வேலை முடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, இருக்கைகளுக்குப் புது ரெக்ஸின் தைத்து, பம்பருக்கு முலாம் பூசி, வண்டி மணமகனைப்போல் வாசலில் நிற்கும்போதுதான் எஞ்சினின் நினைவு வருகிறது. டேங்கின் நினைவோ அப்போதும் வருவதில்லை. ஐந்து லிட்டர் பெட்ரோலை ஊற்றி, புதிய பேட்டரியை மாட்டி, எஞ்சினை முடுக்கிப் பார்க்கிறார்கள். அதுவும் இரண்டொரு நிமிஷம் சுகமாக ஓடுகிறது. அந்த இரண்டொரு நிமிஷத்தில் இருபது வருஷத்துத் துருவும் கசடும் குழாய் வழியே பிரயாணம் செய்து, பெட்ரோல் பம்பின் வால்வுகளிலும் கார்புரேட்டரின் ஜெட்டுகளிலும் போய்க் குடிபுகுந்துவிடுகின்றன. ஜெட்டின் துவாரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமே உடையது. அதை அடைக்க ஒரு துருத் துணுக்கே போதும். அனுபவம் முதிர்ந்த மெக்கானிக்குகள், “டேங்கைக் கழற்றிப் பார்க்காம எஞ்சினைத் தொடமாட்டேன் சார், அப்புறம் மாசத்துக்கு ஒரு தரம் கார்புரேட்டரைப் பிரிச்சுக்கிட்டு இருக்கணும்” என்று பிடிவாதமாகச் சொல்வது இக்காரணத்தினாலேயே. அவர்களுடைய பிடிவாதம் முற்றிலும் நியாயமானது என்பதே என் திடமான அபிப்பிராயம். ஜீர்ணோத்தாரணம் டேங்கில் தொடங்கவேண்டும். மற்றவை யாவும் அதற்குப் பின்னரே.

துரு எங்ஙனம் உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், அதை நீக்கும் உபாயமும் தானே விளங்கும். அக்காலத்து மோட்டார் டேங்குகள் பெரும்பாலும், பெரும்பகுதி ஈயமும் சிறுபகுதி வெள்ளீயமும் கலந்த பூச்சுடைய மெல்லிய இரும்புத் தகட்டினால் செய்யப்பட்டவை. புளிக்குழம்பு வைத்தாலும் களிம்பேறாதபடி நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார்களே, ஏறக்குறைய அதே தத்துவம்தான் இங்கும். பூச்சு முழுமையாக இருக்கும்வரையில் இரும்புக்கு அபாயமில்லை. ஆனால் பூச்சு ஓரிடத்தில் ஊசிமுனையளவு விட்டுப்போனாலும், அவ்விடத்து இரும்பு சாதாரண இரும்பைவிட வேகமாக அரிபடத் தொடங்குகிறது. துத்தநாகம் பூசிய தகட்டில் துத்தநாகம் தன்னைப் பலியிட்டு இரும்பைக் காக்கும். ஈயமோ அதற்கு நேர்மாறாக, ஈரம் சேர்ந்த இடத்தில் தான் பிழைத்து இரும்பை இழக்கச் செய்யும். பழைய டேங்குகளில் அகலமான ஓட்டைகளைவிட, கண்ணுக்குப் புலப்படாத ஊசித் துவாரங்களே அதிகமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

பெட்ரோலுக்குள்ளே ஈரம் எங்கிருந்து வருகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். டேங்க் சுவாசிக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும்; வராவிட்டால் டேங்கினுள் வெற்றிடம் ஏற்பட்டுப் பெட்ரோல் வெளியே வர மறுத்துவிடும். ஆகவே மூடியிலோ தனிக் குழாயிலோ ஒரு சுவாசத் துவாரம் வைத்திருப்பார்கள். நின்றுகொண்டிருக்கும் காரில் பகல் வெயிலில் உள்காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவின் குளிர்ச்சியில் வெளிக்காற்று உள்ளே புகுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, பாலாற்றங்கரை ஊர்களில் அந்தக் காற்று எவ்வளவு நீராவியைச் சுமந்துகொண்டு உள்ளே போகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. உள்ளே போன ஆவி தகட்டின் குளிர்ந்த மேற்பாகத்தில் வியர்வையாய்ப் படிந்து, துளிதுளியாக வழிந்து, பெட்ரோலைவிடக் கனமான காரணத்தால் அடியில் போய்த் தங்குகிறது. பெட்ரோலின் மட்டத்துக்கு மேலே காற்றுப்பட்ட சுவர்களில் ஒருவகைத் துருவும், அடித்தட்டில் தேங்கிய நீரினால் மற்றொருவகைத் துருவும் ஏற்படுகின்றன. முந்தியது பார்வைக்குப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் மேலெழுந்தவாரியானது. பிந்தியதே டேங்கைத் துளைப்பது.

பெட்ரோலும் சிரஞ்சீவியான பதார்த்தம் அன்று. சில மாதங்கள் கழிந்தாலே அதன் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போய்விட, எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடிப் பிசினாக மாறுகிறது. பல வருஷம் கிடந்த பெட்ரோலை டேங்கிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால், கறுத்த தேயிலைத் தண்ணீரின் நிறமும், வார்னிஷ் நெடியும், அடியிலே சிவந்த மண்டியும், அந்த மண்டிக்கும் திரவத்துக்கும் நடுவே தெளிவாகப் பிரிந்து நிற்கும் ஒரு நீர்க்கோடும் காணப்படும். அந்தக் குவளையை ஒருமுறை பார்த்தவர்கள் டேங்கைக் கழுவாமல் வண்டியை முடுக்க ஒருபோதும் துணியமாட்டார்கள். 2000-ஆம் வருஷம் பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் கலவாத பெட்ரோல் அமலுக்கு வருவதற்கு முன்னர் நின்றுபோன வண்டியானால், அந்தக் கசடில் ஈயத்தின் சேர்மானமும் இருக்கக்கூடும்; அதை வெறுங்கையால் தொடலாகாது.

இதற்குமேல் இப்போது எத்தனாலும் வந்து சேர்ந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கப்படும் இந்தச் சாராயத்தைப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்து விகிதம் கலக்கும் இலக்கு 2022-இல் நிறைவேறியது. நூற்றுக்கு இருபது கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, இன்று பெட்ரோல் பங்குகளில் அதுவே பொதுவாகக் கிடைக்கிறது. தேசத்தின் கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவைக் குறைக்கும் நோக்கம் நல்லதே. ஆயினும் பழைய கார்களுக்கு அது மூன்று விதத்தில் சோதனையாகிறது. முதலாவது, எத்தனால் நீரை வலிந்து ஈர்க்கும்; ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் ஒன்றாய்ப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கி, இரும்பை அரிக்கும் ஒரு படலமாகத் தங்கிவிடும். இரண்டாவது, பழைய கசடையும் பிசினையும் அது இளக்கிக் கரைத்துக் குழாய்க்குள் தள்ளும். ஆகையால் நேற்றுவரை ஒருவாறு ஓடிக்கொண்டிருந்த கார் இன்று அடைப்பினால் நிற்பதுண்டு. மூன்றாவது, அந்நாளைய ரப்பர்க் குழாய்களும் தக்கை கேஸ்கெட்டுகளும் இந்தக் கலவையை உத்தேசித்துச் செய்யப்பட்டவை அல்ல.

வண்டியில் டேங்க் கெட்டிருப்பதை அறிய ஜோசியம் தேவையில்லை. அக்காலத்து மெக்கானிகல் பெட்ரோல் பம்பு பலவற்றின் தலையில், நம் மெக்கானிக்குகள் ஏஸி பம்பு என்று வழங்கும் அந்த உறுப்பில், ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பெட்ரோலோடு வரும் அழுக்கு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே அதைக் கண்ணாடியில் செய்தார்கள். செந்தூள் அதில் படிந்திருந்தால் டேங்க் துருவேறியிருக்கிறது. நீர்முத்துக்கள் உருண்டால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. சில கிலோமீட்டர் ஓடியபின் எஞ்சின் தானாக நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே பாய்ந்து, பிறகு ஒழுங்காக ஓடுமாயின், சுவாசத் துவாரம் அடைபட்டிருக்கிறது. ஏறு சாலையில் மட்டும் திணறி, சமதளத்தில் சரியாக ஓடுவதாயின், உறிஞ்சு குழாயின் முனையிலுள்ள வலையைச் சோதிக்கவேண்டும்.

வேலை செய்யும் முறையைச் சொல்லுமுன் அபாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்துவிடாமல் தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளத்திலும் கழிவுநீர்க் கால்வாயிலும் தேங்கி, பல கஜ தூரத்தில் உள்ள ஒரு தீப்பொறியைத் தேடிப் போகக்கூடியது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவு முதல் ஏழரைப் பங்குவரை ஆவி கலந்திருந்தால் அது தீப்பற்றும் கலவையாகும். நிறைந்த டேங்கினுள் அத்தகைய கலவைக்கு இடமே இல்லை. வடித்துவிட்ட டேங்கினுள்ளோ அது கச்சிதமாக அமைந்துவிடுகிறது. “காலி டேங்குன்னு நெனைச்சு வெல்டிங் டார்ச்சோட கிட்டப் போகாதே தம்பி, ரொம்பின டேங்கு எரியும், காலி டேங்கு வெடிக்கும்” என்று பழைய மேஸ்திரிகள் தொழில் கற்க வந்த பையன்களிடம் சொல்வது அட்சரம் அட்சரமாக உண்மை. இந்த ஒரு வாக்கியத்தை மறந்ததனால் உயிரிழந்தவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. ஆகவே, பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, வெட்டவெளியில், பீடி சிகரெட்டும் கிரைண்டரும் அடுப்பும் இல்லாத இடத்தில், பகல் வெளிச்சத்தில் இவ்வேலையைச் செய்யவேண்டும். உள்ளே பார்ப்பதற்குச் சாதாரண மின்விளக்கை நுழைக்காமல், வெளியிலிருந்து கண்ணாடியினால் சூரிய வெளிச்சத்தைத் திருப்பிவிட்டுப் பார்ப்பது உத்தமம்.

ஹெரால்டில் டேங்கைக் கழற்றுவது அவ்வளவு கடினமன்று. அம்பாஸிடரில் டிக்கியின் அடியில், சாலைப்புழுதியும் சேறும் படும்படி தொங்கும் டேங்குக்கு மாறாக, ஹெரால்டின் டேங்க் டிக்கிக்குள்ளேயே ஒரு பக்கமாக நிமிர்ந்து நிற்கிறது. ஏறக்குறைய 30 லிட்டர் கொள்ளும். ஆரம்பகாலத்து ஹெரால்டு டேங்கில் ஒரு நேர்த்தியான ஏற்பாடு உண்டு. பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றால், ஓட்டுகிறவர் இறங்கி டிக்கியைத் திறந்து, டேங்கின்மேலுள்ள ஒரு சிறு கைப்பிடியைத் திருப்புவார். உள்ளே சாய்வாக இருந்த உறிஞ்சு குழாய் அப்போது அடிவரை இறங்கி, மிச்சமிருக்கும் கடைசிப் பெட்ரோலை எடுத்துக்கொடுக்கும். பெட்ரோல் பங்குகள் ஊருக்கு ஊர் இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! பல வருஷம் திருப்பப்படாமல் இறுகிப்போன அந்தக் கைப்பிடியைக் குறடு போட்டு முறுக்கி உடைத்துவிடுகிறவர்கள் அநேகர். துருவை இளக்கும் எண்ணெயை இட்டு, ஓரிரவு பொறுத்திருந்து, சிறிது சிறிதாக இருபுறமும் அசைத்தே அதை விடுவிக்கவேண்டும். அது உடைந்தால் மாற்று உறுப்பு கடையில் கிடைக்காது.

பெட்ரோலை வடித்து, மிதவையையும் உறிஞ்சு குழாயையும் கழற்றி எடுத்தபின் முதலில் செய்யவேண்டியது கழுவுதல். கொதிநீரும் துணி துவைக்கும் சோப்புத்தூளும் ஊற்றிக் குலுக்கி, கொட்டி, மறுபடியும் ஊற்றி, நெடி அடங்கும்வரை இதைச் செய்யவேண்டும். பிசின் படலத்தை நீக்காமல் துருவுக்கு மருந்திடுவது வீண். அமிலம் பிசினைத் தாண்டித் துருவை எட்டாது. அதன்பின் உதிர்துருவைப் பெயர்க்க, டேங்கினுள் ஒரு கைப்பிடி நட்டுகளையோ மெல்லிய இரும்புச் சங்கிலியையோ போட்டு, நாலா பக்கமும் திருப்பித் திருப்பிக் குலுக்குவார்கள். டேங்கினுள்ளே பெட்ரோல் அலைபாயாமல் இருப்பதற்குத் தடுப்புத் தகடுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றின் இடுக்கில் நட்டுகள் சிக்கிக்கொண்டால், பின்னாளில் வண்டி ஓடும்போதெல்லாம் கடகடவென்று ஓசை கேட்கும். ஆகவே உள்ளே போடும் நட்டுகளை எண்ணிப் போட்டு, காந்தத்தினால் எண்ணி எடுப்பது நல்ல தொழிலாளியின் லட்சணம். சங்கிலியோ இழுத்தால் முழுதாக வந்துவிடும். எனவே அதையே நான் சிபாரிசு செய்வேன்.

மிஞ்சிய துருவைக் கரைக்கப் பல மார்க்கங்கள் உண்டு. குளியலறை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றி அரைமணியில் காரியத்தை முடித்துவிடுகிறவர்களைப் பார்க்கிறோம். அது துருவோடு நல்ல இரும்பையும் தின்று, மடிப்புகளில் குளோரைடு உப்பைத் தங்கவைத்து, அடுத்த மழைக்காலத்தில் புதிய துருவுக்கு வித்திடுகிறது. அம்மார்க்கத்தை நான் முற்றிலும் வெறுக்கிறேன். மளிகைக் கடைகளில் லெமன் சால்ட் என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை, லிட்டர் நீருக்கு ஐம்பது முதல் நூறு கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து, டேங்க் முழுவதும் ததும்ப ஊற்றி ஓரிரவு விட்டுவைத்தால், துரு கரைந்து நீர் பழுப்பாகி, உள்ளே சாம்பல் நிறமான சுத்த இரும்பு தோன்றும். கனத்த துருவாயின் மற்றோர் இரவு தேவைப்படலாம். பாஸ்பரிக் அமிலம் கலந்த துருநீக்கியும் நல்லதே. அது துருவை நீக்குவதோடு இரும்பின்மேல் ஒரு மெல்லிய பாஸ்பேட் படலத்தையும் விட்டுச் செல்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் டேங்கை விளிம்புவரை நிரப்பவேண்டும். பாதி நிரப்பினால், மேற்பாதித் துரு அப்படியே நிற்பதோடு, ஈரக் காற்றில் மேலும் வளரும்.

மின்சாரத்தினால் துரு நீக்கும் முறையையும் இங்கே சொல்லவேண்டும். ஏனெனில் அது இரும்பைச் சிறிதும் தின்னாதது. சலவைச் சோடாவைக் கரைத்த நீரால் டேங்கை நிரப்பி, வாயின் வழியே ஓர் இரும்புக் கம்பியைச் சுவரில் எங்கும் படாதபடி தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை டேங்கிலும் நேர்முனையைக் கம்பியிலும் இணைத்தால், டேங்கின் துரு இளகிக் கழன்றுவிட, கம்பி துருவேறி இளைக்கிறது. கம்பிக்குப் பதிலாக எவர்சில்வரை உபயோகிக்கக் கூடாது; அதிலுள்ள குரோமியம் கொடிய விஷமான சேர்மானமாக நீரில் இறங்கும். இம்முறையில் ஹைட்ரஜன் வாயு குமிழ்குமிழாக வெளிவருவதால், பெட்ரோல் நெடி முழுவதும் போன பிறகே, திறந்தவெளியிலேயே இதைச் செய்யவேண்டும். இணைப்புகளைக் கழற்றுமுன் சார்ஜரை அணைத்துவிட வேண்டும்.

துரு நீங்கியபின் வரும் அரைமணி நேரமே முழு வேலையிலும் முக்கியமானது. அமிலத்தைக் கொட்டியதும் ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவி அமிலத்தன்மையை முறித்து, நல்ல நீரால் அலசி, உடனே உலர்த்தவேண்டும். நிர்வாணமாய் நிற்கும் சுத்த இரும்பு ஈரத்தைக் கண்டால் நம் கண் முன்னாலேயே மஞ்சள் பூத்துவிடும். சித்திரை வெயிலில் சூடேறிய தகரத்தின்மேல் டேங்கை வைத்து, வெப்பக்காற்று ஊதும் கருவியால் உள்ளே ஊதி, முற்றிலும் உலர்ந்ததும் சிறிதளவு எண்ணெய் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிடுபவர்களின் வேலை நிலைக்கிறது. காலையில் அமிலத்தைக் கொட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய் வருகிறவர்கள் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கவேண்டி வருகிறது.

இனி ஒழுக்கு. டேங்கில் பெட்ரோல் கசிந்தால் பார் சோப்பைக் குழைத்து அப்பிக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்த டிரைவர்கள் பலர். சோப்பு பெட்ரோலில் கரையாது என்ற அனுபவ ஞானம் அவர்களுடையது. வழியில் அதுவே சரி, வீட்டில் சரியன்று. ஊசித் துவாரங்களைக் கண்டுபிடிக்க எல்லா வாய்களையும் அடைத்து, மிகச் சொற்பமான காற்றழுத்தம் கொடுத்து, மேலே சோப்புநீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பார்கள். கம்பிரஸரிலிருந்து நேரே காற்றை விட்டால் மெல்லிய தகடு உப்பிக் கோணிவிடும். சைக்கிள் பம்பே போதும். துவாரங்களை அடைப்பதற்கு, பூச்சுத் தகட்டுக்கு இனமான ஈயப்பற்றே மிகச் சிறந்தது. பழைய பாத்திரங்களுக்குப் பற்றவைக்கும் கைத்தொழில் அறிந்தவர்கள், செம்புத் தலையுள்ள சூட்டுக்கோலை வேறிடத்தில் காய்ச்சிக் கொண்டுவந்து, வெளிச்சுடரின்றி இதைச் செய்வார்கள். பெரிய ஓட்டையானால் தகடு வைத்துப் பித்தளையால் பிரேஸிங் செய்யவேண்டியிருக்கும்; அப்போது டேங்கை வெகுநேரம் நீராவியில் வேகவைத்து, ஓட்டையின் மட்டம்வரை நீரால் நிரப்பி, எஞ்சிய இடத்திலும் கரியமில வாயுவைச் செலுத்தி, இவ்வேலையையே தொழிலாகக் கொண்டவர்களே செய்யவேண்டும்.

டேங்கின் உட்புறம் முழுவதும் ஒருவகை ரெஸின் பூசி ஓட்டைகளையும் துருவையும் ஒருங்கே மறைத்துவிடும் மருந்துகள் டப்பாக்களில் விற்கின்றன. நன்கு சுத்தம் செய்து, நன்கு உலர்ந்த இரும்பின்மேல், எத்தனாலைத் தாங்கும் தரமான எபாக்ஸியைப் பூசினால் அது பல வருஷம் நிற்கும். ஆனால் சுத்தம் செய்யும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகவே அதை நாடுகிறவர்கள் பெரும்பாலோர். துருவின்மேலும் பிசின்மேலும் பூசிய ரெஸின், எத்தனாலில் ஊறி, தாள் தாளாக உரிந்து, உறிஞ்சு குழாயின் வாயை அடைத்துவிடும். அதன்பின் அந்த டேங்கைச் சுத்தம் செய்வது துருப்பிடித்த டேங்கைச் சுத்தம் செய்வதைவிடப் பன்மடங்கு கஷ்டம். பூச்சு கடைசி உபாயமாக இருக்கட்டும். தகடு நல்ல நிலையிலிருந்தால் சுத்தமான இரும்பும், அடிக்கடி மாறும் புதிய பெட்ரோலும், ஒரு நல்ல ஃபில்டருமே போதுமானவை.

டேங்க் மட்டும் சுத்தமாகிக் குழாய்கள் பழைய நிலையிலிருந்தால் பயனில்லை. டேங்கிலிருந்து பம்புவரை செல்லும் குழாயில் எதிர்த்திசையாகக் காற்று ஊதி அழுக்கை வெளியேற்றவேண்டும். ரப்பர்க் குழாய்களை எத்தனாலுக்கு ஏற்றவையாக மாற்றிவிடவேண்டும். இதில் சிக்கனம் பாராட்டுவது எஞ்சின்மேல் பெட்ரோலைத் தெளித்துத் தீயை வரவழைப்பதாகும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால், உள்ளே திரவம் சளசளக்கும் ஓசை கேட்குமாயின், அது துளைபட்டு மூழ்கியிருக்கிறது. பெட்ரோல் நிறைந்திருந்தும் அளவுமானியின் முள் ‘காலி’ என்று காட்டுவதற்கு அதுவே காரணம். மறுபடி பொருத்தும்போது டேங்குக்கும் பாடிக்கும் இடையே மின்தொடர்பு இருக்கும்படி பெயிண்டைச் சுரண்டி இணைக்கவேண்டும். அன்றேல் முள் அசையாது.

கழுவிய கசட்டை என்ன செய்வது என்பதை எவரும் கேட்பதில்லை. எனக்கோ அது மிகவும் கவலை தரும் கேள்வி. பட்டறைப் புறத்தில் மண்ணிலே கொட்டிவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. வாலாஜாபாத்தில் மண்ணில் கொட்டுவது பாலாற்றில் கொட்டுவதற்குச் சமானம். மேலே மணல் காய்ந்து கிடந்தாலும் கீழே ஊற்று ஓடும் நதி அது. கரையிலுள்ள ஊர்கள் குடிக்கும் நீர் அந்த மணலுக்கு அடியிலிருந்தே வருகிறது. வேலூர் வட்டாரத்துத் தோல் பட்டறைக் கழிவுகளால் இந்த நதி பட்ட பாட்டையும், 1996-இல் உச்ச நீதிமன்றம் அதுபற்றி அளித்த தீர்ப்பையும் அறிந்தவர்கள், ஈயமும் பழம் பெட்ரோலும் கலந்த ஒரு வாளி கசட்டைக்கூட அதன் அருகே கொட்டக் கூசவேண்டும். மூடியிட்ட டப்பாவில் சேர்த்துவைத்து, கழிவு எண்ணெயை வாங்கிச் சுத்திகரிக்க அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே முறை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகள் தங்கள் கழிவை அப்படித்தான் அனுப்பவேண்டும் என்பது சட்டம்.

இவ்வாறு தயாரான வண்டியை ஓட்டுவதற்குச் சட்டத்திலும் இப்போது ஒரு வழி ஏற்பட்டிருக்கிறது. முதற்பதிவாகி ஐம்பது ஆண்டுகள் கடந்து, ஆதி அமைப்பு பெரிதும் மாறாமல் காக்கப்பட்ட கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் புராதன வாகனங்களாகப் பதிவுசெய்து, ‘விஏ’ என்ற எழுத்துக்களோடு தனி எண் வழங்கும் விதிகளை மத்திய அரசாங்கம் 2021-இல் வெளியிட்டது. பெருங்களத்தூரில் பிறந்த ஹெரால்டுகள் அனைத்தும் அந்த வயதைக் கடந்துவிட்டன. அப்படிப் பதிவான வண்டிகளைக் கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் போன்ற காரியங்களுக்கே எடுத்துச் செல்லலாம். தினசரிப் போக்குவரத்துக்கு அவை உரியவை அல்ல. ஆகவே அவை வருஷத்தின் பெரும்பகுதியை நின்றபடியே கழிக்கும் என்பது உறுதி. நிற்கும் வண்டிக்கே துரு வரும் என்பதை மேலே கண்டோம்.

எத்தனால் கலவாத பெட்ரோல் விற்ற காலத்தில், நிறுத்திவைக்கும் காரின் டேங்கை விளிம்புவரை நிரப்பிவிடுங்கள், காற்றுக்கு இடமிராது, வியர்வையும் கட்டாது என்று சொல்வார்கள். அந்த யோசனையை இன்றைய பெட்ரோலுக்கு அப்படியே கொள்ளலாகாது. மாதம் ஒரு முறையாவது வண்டியை எடுத்து நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, ஓட்டியதற்கு ஈடாகப் புதிய பெட்ரோல் ஊற்ற முடிந்தால் டேங்கை நிரப்பியே வைக்கலாம். மழைக்காலம் முழுவதும் தொட முடியாது என்று தோன்றினால், புரட்டாசி முடிவதற்குள் டேங்கை முற்றிலும் வடித்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதையும் ஓட்டித் தீர்த்து, டேங்கினுள் சிறிது எண்ணெயைப் பூசி, தை பிறந்ததும் புதிய பெட்ரோல் ஊற்றிக்கொள்வது நலம். புதிதாகச் சுத்தம்செய்த டேங்கில் முதல் சில நூறு கிலோமீட்டர்வரை ஒளிந்திருந்த துருத்தூள் வந்துகொண்டே இருக்கும். அதற்காக மனம் தளராமல், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றைப் பம்புக்கு முன்னால் பொருத்தி, அது சிவக்கும்போதெல்லாம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது அல்லது நான்காவது ஃபில்டர் பெரும்பாலும் வெண்மையாகவே நிற்கும். அதன்பின் கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைக் கழுவி, பெயிண்ட் கடைக்குப் போகலாம்.